கூரையில் இரண்டு சைக்கிள்: சத்துவாச்சாரியிலிருந்து ஏலகிரி வரை

மகளுக்குச் சைக்கிள் வாங்கிய நாளிலிருந்து ஏலகிரிக்குக் கொண்டுபோய் ஓட்ட வேண்டும் என்று ஒரே நச்சரிப்பு. 2019-இல் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தபோது மலை திருப்பத்தூருக்குப் போய்விட்டது. எங்கள் வாயில் அது இன்னும் 'நம்ம ஏலகிரி'தான். எங்கள் வீட்டிலிருந்து ஏறத்தாழ 90 கிலோமீட்டர். ஒரு சைக்கிள் என்றால் முன்சக்கரத்தைக் கழற்றி டிக்கியில் திணித்துவிடலாம். இரண்டையும் திணித்த அன்று பின்சீட்டில் செயின் கிரீஸ் அப்பிக்கொண்டது. அதற்கு வாங்கிய திட்டு இன்னும் முடிந்தபாடில்லை.

பின்கதவில் மாட்டும் ஸ்டாண்டு விலை குறைவு. ஆனால் சைக்கிள் நம்பர் பிளேட்டையும் பின்விளக்கையும் மறைத்துக்கொண்டு நிற்கும். பின்னால் லாரி வரும் நெடுஞ்சாலையில் பிரேக் விளக்கு தெரியாமல் ஓட்ட எனக்குத் துணிவில்லை. ஆகவே கூரை.

என் காரின் கூரையில் இருபுறமும் கறுப்புக் கம்பிகள் ஓடுகின்றன. கேரியர் மாட்டத்தான் அவை இருக்கின்றன என்று மூன்று வருடம் நம்பியிருந்தேன். பிடித்து இழுத்துப் பார்த்தால் பிளாஸ்டிக் வளைகிறது. வெறும் அலங்காரம்! நல்லவேளை, பணம் கட்டுவதற்கு முன்பே பார்த்தேன். கதவுச் சட்டத்தைக் கவ்விப் பிடிக்கும் வகைக் குறுக்குக் கம்பிகளைத்தான் வாங்க வேண்டியிருந்தது. கதவைத் திறந்தால் மேல் விளிம்பில் ரப்பர் பீடிங் இருக்கிறதே, அதையொட்டி ஓர் எஃகுக் கொக்கி உட்காரும். மேலே திருகைத் திருக அது கூரையோடு இறுகும். கொக்கியின் வளைவு காருக்குக் கார் மாறும் என்பதால் நம் மாடலுக்கு உரியதுதானா என்று பார்த்து வாங்க வேண்டும்.

அடுத்தது எடைக் கணக்கு. கூரை 50 கிலோ தாங்கும் என்கிறது காரின் கையேடு. கம்பிகள் 5, சைக்கிள் தட்டுகள் இரண்டும் சேர்ந்து 8, என் சைக்கிள் 14, மகளுடையது 12. ஆக 39. அந்த 50-க்குள் கேரியரின் எடையும் அடக்கம் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

முதல் ஞாயிறு, காலை ஆறு மணி. அக்னி நட்சத்திரக் காலத்தில் ஒன்பது மணிக்குமேல் வேலூரில் கார்க் கூரையைத் தொட்டால் தோசைக்கல்தான். ரப்பர் பாதங்கள் உட்காரும் இடத்தை ஈரத்துணியால் இரண்டு முறை துடைத்தேன். அடியில் புழுதி சிக்கினால் உப்புத்தாள் மாதிரி பெயிண்டை அரைத்துவிடும். இரண்டு கம்பிகளுக்கும் இடையே 70 சென்டிமீட்டர் விட்டு மாஸ்கிங் டேப்பால் அடையாளம் வைத்தேன். அதுவரை சரி. இடது திருகை முழுதாக முறுக்கிவிட்டு வலது பக்கம் போனேன். கம்பி இடப்பக்கம் மூன்று விரற்கடை இழுபட்டு நின்றது. அவிழ்த்து, இங்கே இரண்டு சுற்று, அங்கே இரண்டு சுற்று என்று மாற்றி மாற்றி ஏற்றியபோதுதான் நடுவில் நின்றது. போதிய அளவு இறுகியதும் 'டக்' என்று சத்தம் கொடுக்கும் சாவி கூடவே வந்தது. அதற்குமேல் நம் பலத்தைக் காட்டக் கூடாது.

இரண்டு சைக்கிளையும் முன்னோக்கி நிறுத்தினால் ஹேண்டில்பார்கள் முட்டிக்கொள்கின்றன. மகளுடையதைப் பின்னோக்கித் திருப்பினேன். தண்ணீர்ப் புட்டி, காற்றடிக்கும் பம்பு எல்லாம் காருக்குள்.

இஞ்சு டேப்பைப் பிடித்துப் பார்த்தால் தரையிலிருந்து மொத்த உயரம் 8 அடி 9 அங்குலம். எங்கள் போர்ட்டிகோ 8 அடி. முருங்கைக்காய் பறிக்கும் துரட்டியில் 9 அடியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டி, அதை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு தெருமுனை வரை நடந்தேன். மூன்றாவது வீட்டின் முன் தொய்ந்து கிடந்த கேபிள் ஒயர் துணிக்குக் கீழே உரசியது. வீட்டுக்காரரிடம் சொல்லி, அவர் மாடிக் கைப்பிடியில் இழுத்துக் கட்டினோம். "என்ன சார், தெருவுக்கே ஒட்டடையா?" என்று கேட்டார் எதிர்வீட்டுக்காரர்.

அன்றைய வெள்ளோட்டம் பள்ளிகொண்டா டோல்கேட் வரை. அப்பாவும் வந்தார். இருபது வருடம் லாரி ஓட்டியவர், கிளாம்பை நம்பவில்லை. அவர் மனநிறைவுக்காகச் சைக்கிள்களுக்குக் குறுக்கே ஒரு நைலான் பெல்ட்டும் போட்டிருந்தேன். வேகம் 60-ஐத் தாண்டியதும் தலைக்குமேல் 'ங்ங்ங்' என்று ஒரு முழக்கம். கம்பியா, தட்டா, கூரையே பெயர்கிறதா என்று எனக்கு உள்ளங்கை வியர்த்தது. அப்பா அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை.

"ஓரமாக நிறுத்துடா. பெல்ட்டைத் தட்டையாகக் கட்டினால் காற்றில் அதிரும். இரண்டு முறுக்கு கொடுத்துக் கட்டு."

முறுக்கிக் கட்டினேன். முழக்கம் நின்றது, மிச்சமிருந்தது காற்றின் சாதாரண இரைச்சல்தான். தார்ப்பாய்ப் பட்டையில் கற்ற பாடமாம். டோல்கேட்டில் நிறுத்தி நான்கு திருகுகளையும் சோதித்தபோது வலது பின்பக்கம் மட்டும் கால் சுற்று ஏறியது. புதிதாக மாட்டினால் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு ஒருமுறை முறுக்கியே ஆக வேண்டும்.

அடுத்த ஞாயிறு ஏலகிரி. நெடுஞ்சாலையில் 80-ஐத் தாண்டவில்லை. பெரிய லாரி கடக்கும்போதெல்லாம் வண்டி ஒரு பக்கமாகத் தள்ளப்படுவதைக் கையில் உணர முடிந்தது. மலையின் 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் மகள் கண்ணாடியை இறக்கி மேலே எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தாள். லிட்டருக்கு 18 கொடுத்த வண்டி 15-க்கு இறங்கியது. வேலையில்லாத நாளில் கேரியரைக் கழற்றி வைக்கப் போகிறேன்.

கிளம்பும்போது துரட்டியை கேட்டின் உள்பக்கம் குறுக்கே கட்டிவிட்டு வந்திருந்தேன். திரும்பும்போது ஆம்பூரில் வழக்கமான காரணத்துக்காக ஒரு மணி நேரம் நின்றோம். பிரியாணி மயக்கத்தில் வீடு சேர இரவு ஒன்பதரை. மகள் தூங்கிவிட்டாள். கேட்டைத் திறக்க இறங்கி, எவன் இதை இங்கே கட்டினான் என்று முணுமுணுத்தபடி முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது கையில் சிவப்புத் துணி பட்டது. சைக்கிள்களைத் தெருவிலேயே இறக்கினேன்.