மாமாவின் மொறிஸ் மைனருக்காக ஒரு மில்லிங் மெசின் தேடிய கதை

எல்லாம் ஒரு தெர்மோஸ்டட் மூடியில்தான் தொடங்கியது. மாமாவிடம் ஒரு மொறிஸ் மைனர் நிற்கிறது, 948 சிசி எஞ்சின். 1990களில் ஒரு மூடி பெற்றோல் காட்டி ஸ்ரார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடிய வரலாறு யாழ்ப்பாணத்துக் கார்கள் பலவற்றுக்கும் உண்டு, இதற்கும் உண்டு. எஞ்சின் தலையில் மூன்று ஸ்ரட்டில் உட்கார்ந்திருக்கிற அந்த அலுமினிய மூடியை எஞ்சினைக் குளிரவைக்க ஊற்றுகிற எங்கள் பக்கத்து உவர்க் கிணற்றுத் தண்ணீர் இத்தனை வருடமாகத் தின்று, முகம் குழி விழுந்து, வளைந்தும் போய், எந்தக் காஸ்கட் போட்டாலும் ஒழுகியது. லேத் பட்டறை அண்ணையிடம் கொடுத்தால் பத்து நிமிட வேலை. ஆனால் வீட்டுக் கொட்டிலில் சின்ன லேத் ஒன்றும் பெஞ்ச் ட்ரில் ஒன்றும் வைத்திருக்கிறவனுக்கு அது எப்படி மனம் வரும்?

அந்த முகத்தைச் சீவித் தட்டையாக்குவது மில்லிங் மெசின் வேலை, சுற்றுகிற கட்டருக்குக் கீழே சாமானை நகர்த்திச் சீவுகிற மெசின் அது. நான் முதலில் ட்ரில்லிலேயே செய்து பார்த்தேன். இரண்டு பக்கமும் நகர்கிற மலிவு வைஸ் ஒன்றை ரேபிளில் பூட்டி, ட்ரில் பிட்டைப் பிடிக்கிற சக்கில், பக்கவாட்டிலும் வெட்டுகிற 10 மில்லிமீற்றர் கட்டரை, என்ட் மில் என்பார்கள், கடிக்கவிட்டு, மூடியைப் பக்கவாட்டில் தள்ளினேன். கொஞ்சத் தூரம் சீவியது, நல்லாகவும் வந்தது, நானும் சிரித்தேன். பிறகு ஒரு நடுக்கம் வந்தது, அடுத்த கணம் சக் கழன்று சுற்றியபடியே ரேபிளில் விழுந்து, மாமாவின் மூடியில் ஒரு வடுவையும் போட்டுவிட்டு நிலத்தில் ஓடியது. ட்ரில்லில் சக் நிற்பது சும்மா கூம்பு உராய்வில்தான். கீழிருந்து மேலே அழுத்தும்வரை அது விடாது, பக்கத்தில் இருந்து தட்டத் தட்ட இளகிவிடும். மில்லிங் மெசினில் மேலிருந்து நீளப் போல்ட் ஒன்று, ட்ரோபார் என்பார்கள், அந்தக் கூம்பை இழுத்துப் பிடித்திருக்கும். இதை முதலே வாசித்திருந்தேன், வாசித்துவிட்டும் செய்தேன். லேத்தில் செங்குத்து ஸ்லைட் பூட்டியும் ஒரு வாரம் மினக்கெட்டேன், உள்ளங்கையை விடப் பெரிய சாமான் எதையும் அதில் பிடிக்க முடியவில்லை, அதை விட்டுவிடுவோம்.

சரி, மெசின் வாங்குவதென்று முடிவெடுத்த நேரம் 2022. டொலர் 200 ரூபாச் சொச்சத்தில் இருந்து 360ஐத் தாண்டி ஓட, கரண்ட் ஒரு நாளில் 13 மணித்தியாலம் நிற்க, நானும் பெற்றோல் வரிசையில் நின்றுகொண்டு மெசின் படங்களைப் போனில் பார்த்ததுதான் மிச்சம். உண்மையில் தேடத் தொடங்கியது அடுத்த வருடம்.

முதலில் கண் போனது பெரியதில். கொழும்பில் பழைய மெசின்கள் விற்கிற இடம் ஒன்றில் பிரிட்ஜ்போர்ட் பாணி மெசின் ஒன்று நின்றது, ரேபிளே என் கட்டில் நீளத்துக்குக் கிட்ட. 1938இல் அமெரிக்காவில் வந்த வடிவம் இது, ரேபிள் முழங்கால் போல மேலே கீழே போகும், தலை எந்தப் பக்கமும் சாயும், இன்றைக்கும் உலகம் முழுக்க அதன் நகல்தான். தடவிப் பார்த்தேன், விட்டுவர மனமில்லை. படத்தை லேத் பட்டறை அண்ணையிடம் காட்டினேன். அவர் கரண்டே இல்லாத காலத்தில் லாண்ட்மாஸ்டர் என்கிற இரண்டு சில்லு உழவு மெசினின் எஞ்சினில் பெல்ட் போட்டு லேத் ஓட்டிய ஆள், அவருக்கு மெசின் படம் காட்டி மயக்க முடியாது.

“தம்பி, இது ஒரு தொன் வரும். உன்ர கொட்டில் நிலம் தாங்குமோ?”

“கொங்கிறீற் போடலாம் அண்ணை.”

“படலைக்குள்ளால எப்படிக் கொண்டு வரப் போறாய்? மதிலை உடைக்கப் போறியோ? வீட்டில கேட்டனியோ?”

வீட்டில் கேட்கவில்லை. அதோடு அதன் மோட்டர் த்ரீ பேஸ். வீட்டில் இருப்பது 230 வோல்ற் சிங்கிள் பேஸ். சிங்கிள் பேஸை த்ரீ பேஸாக்குகிற இன்வேர்ட்டர் போட்டு ஓட்டலாம், அது பெரிய பிரச்சினையும் இல்லை, ஆனால் மதில் பிரச்சினைதான்.

இரண்டாவதாக வந்ததுதான் என்னை உண்மையாகக் குழப்பியது. வட்டத் தூண் மெசின் ஒன்று, 300 கிலோவுக்குக் கிட்ட, ஊரிலேயே ஒருவர் விற்க இருந்தார், விலையும் பரவாயில்லை. மோட்டர் பலம், ரேபிள் அகலம், இரும்பிலே தயங்காமல் இறங்கும். அண்ணையும் “உது நல்ல இரும்பு” என்றார். ஓட்டிப் பார்க்கக் கேட்டேன், அவரும் விட்டார். ஒரு தகட்டில் என்ட் மில்லால் ஒரு சின்னப் பள்ளம் எடுத்தேன், அதே இடத்தின் நடுவில் ஓட்டை போட என்ட் மில்லைக் கழற்றி ட்ரில் சக்கை மாட்டினேன். சக்கும் ட்ரில்லும் சேர்ந்தால் என்ட் மில்லை விட நீளம், ஆகவே தலையை மேலே தூக்க வேண்டும். தலையின் பூட்டைத் தளர்த்தினேன். அது ஒரு வட்டக் குழாயைக் கட்டிப்பிடித்து நிற்கிற தலை, தளர்ந்த உடனே தென்னை மரத்தைச் சுற்றி வருகிறவன் மாதிரி ஒரு பக்கம் திரும்பிவிட்டது. நான் தேடி வைத்த நடு போய்விட்டது. மறுபடி தேடினேன். அடுத்த ஓட்டைக்கு மறுபடி. மூன்று ஓட்டை உள்ள மூடியை நினைத்தேன்.

பெரிய வேலையை ஒரே உயரத்தில் செய்கிறவருக்கு அந்த மெசின் பிழையே இல்லை. எனக்கு வருகிற வேலை எல்லாம் சின்னச் சாமான், ஒவ்வொன்றுக்கும் நான்கு தரம் ஆயுதம் மாற்றுகிற சாமான். தலை எவ்வளவு பலம் என்பதை விட, தூக்கினால் அதே கோட்டில் நேராக ஏறி இறங்குமா என்பதுதான் எனக்கு வேண்டியது. அன்றைக்குப் பின்னேரம் வீட்டுக்கு வரும்போதே தீர்மானம் ஆகிவிட்டது: தலை திரும்பாமல் சரிந்த விளிம்புகளில் நேராக வழுக்கி ஏறுகிற டவ்டெயில் தூண் உள்ளதுதான், சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை.

கடைசியில் வாங்கியது சீனாவின் அந்தச் சின்ன மெசின்தான், ஒரே வார்ப்பு பல நிறத்தில் பல பெயரில் வருமே, அதுதான். பாவித்தது, 60 கிலோவுக்குள். ஓட்டோவின் பின் சீற்றில் சாக்குச் சுற்றி வந்து இறங்கியது, நானும் மாமாவும் ஓட்டோக்காரரும் தூக்கி மேசையில் வைத்தோம். மதில் தப்பியது.

இனி அதன் குறைகள். என்னுடையது தூண் சாய்க்கிற வகை. தூண் முழுவதையும் பின்னால் ஒரே ஒரு பெரிய நட் பிடித்திருக்கிறது. சாய்த்து வெட்டலாம் என்று பெருமையாக எழுதியிருப்பார்கள், நான் ஒரு நாளும் சாய்க்கவில்லை, அது தானாகச் சாயாமல் பார்ப்பதே வேலையாக இருந்தது. நுண்ணிய உயர வித்தியாசத்தைக் காட்டுகிற டயல் இன்டிகேற்றரை, கட்டரைச் சுற்றுகிற தண்டான ஸ்பின்டிலில் பூட்டி, ரேபிளின் இடப்பக்கம் தொட்டு, கையால் அரைவட்டம் சுற்றி வலப்பக்கம் தொட்டால் 0.12 மில்லிமீற்றர் வித்தியாசம். நட்டைச் சற்றே தளர்த்தி, தூணை மரச் சுத்தியலால் ஒரு தட்டு. 0.05. இன்னொரு தட்டு, மறுபக்கம் 0.08. நட்டை இறுக்கினால் இறுக்குகிற இழுவையிலேயே கொஞ்சம் நகரும், அதையும் கணக்கில் சேர்த்துத் தட்ட வேண்டும். இரவு 11 மணிக்கு 0.02க்குக் கொண்டுவந்துவிட்டுத் தொடாமல் கையை எடுத்தேன். பிறகு தூணின் பின்னால் தடித்த தகடு ஒன்றைக் குறுக்கே போல்ட் பண்ணி அடித்தளத்தோடு சேர்த்துக் கட்டினேன், அதன் பிறகு வெட்டும்போது வருகிற அந்தக் கூச்சல் பாதியாகக் குறைந்தது. புதிதாக வாங்குகிறவர்கள் சாயாத, நிலையான தூண் உள்ளதாகப் பாருங்கள்.

ஸ்பின்டில் கூம்பு அடுத்தது. சின்ன மெசின்களில் மோர்ஸ் ரேப்பர் 3 அல்லது ஆர்8 என்று இரண்டு வகைக் கூம்பில் ஒன்று வரும். என்னுடையது மோர்ஸ். அது தானாகவே இறுகிப் பிடித்துக்கொள்ளும், கழற்ற ட்ரோபாரின் தலையில் சுத்தியலால் அடிக்க வேண்டும், அந்த அடி முழுவதும் பெயரிங்குக்குத்தான் போகும். ஆர்8 சரிவு கூடியது, சின்னத் தட்டிலேயே விட்டுவிடும். தெரிவு இருந்தால் ஆர்8 எடுங்கள். என் வழி, ஈஆர் 32 கொலெட் சக் ஒன்றை மாட்டி அதை அப்படியே விட்டுவிட்டேன், கட்டரைக் கவ்விப் பிடிக்கிற பிளந்த வளையமான கொலெட்டை மட்டும் மாற்றுகிறேன், 20 மில்லிமீற்றர் வரை பிடிக்கும். ஆனால் அந்தச் சக்கின் உயரம், கீழே வைஸின் உயரம், இரண்டும் போக மிஞ்சுகிற இடம் கொஞ்சம்தான். மெசின் பார்க்கிறபோது ரேபிளுக்கும் ஸ்பின்டிலுக்கும் இடையிலான உயரத்தை அளக்கச் சொல்வது இதற்காகத்தான்.

என் பிழையால் வந்தவை வேறு. இரும்பை 2000 சுற்றில் வெட்டப் போய் ஒரு கட்டர் நுனி நீலமாகிவிட்டது. ஹைஸ்பீட் ஸ்ரீல் கட்டருக்குச் சாதாரண இரும்பில் வெட்டும் விளிம்புக்கு நிமிடத்துக்கு 25 மீற்றர் அளவு வேகம் என்றால் 10 மில்லிமீற்றர் கட்டருக்கு 800 சுற்றுத்தான் வரும். இன்னொரு நாள் கட்டர் சுற்றுகிற திசையிலேயே ரேபிளைத் தள்ளினேன். ஸ்குறூவில் இருந்த லூசு அவ்வளவையும் கட்டர் ஒரே இழுவையாக இழுத்து உள்ளே பாய்ந்தது, படீரென்று சத்தம், உள்ளே பிளாஸ்ரிக் கியரின் பல் போய்விட்டது. மோட்டர் தப்பியதும் அந்தக் கியரால்தான். வேறு கியர் வர ஐந்து கிழமை. இரண்டாக எடுத்து ஒன்றை லாச்சியில் வைத்திருக்கிறேன்.

அந்த ஐந்து கிழமையும் கார்த்திகை மழைக்குள் விழுந்தது. தூசு படக்கூடாதென்று ரேபிள் மேல் பழைய சாரம் ஒன்றைப் போர்த்தி வைத்தேன். எடுத்துப் பார்த்தால் சாரத்தின் நெசவு அப்படியே துருவாக ரேபிளில் பதிந்திருந்தது, கட்டம் கட்டமாக, அழகாகக்கூட இருந்தது. எங்கள் காற்றில் உப்பு, பருத்தி ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும், வேறென்ன வரும்? இப்போது எண்ணெய் தடவி, மேலே தார்ப்பாய், உள்ளே சின்னக் குண்டு பல்ப் ஒன்று.

வைஸ், கிளாம்ப், கொலெட், இன்டிகேற்றர், பரலல் என்று வாங்கி முடிக்க மெசின் விலையைத் தொட்டுவிட்டது. “மெசின் பாதி, சாமான் பாதி” என்று அண்ணை முதலே சொன்னவர். நான் அதை வியாபாரிப் பேச்சென்று நினைத்தேன்.

மூடியைச் சீவியது போன மாசியில். ஒற்றை நுனி அகல வட்டமாகச் சுற்றிச் சீவுகிற பிளை கட்டர், ஒரு தரத்துக்கு 0.1 மில்லிமீற்றர், மண்ணெண்ணெய் இரண்டு சொட்டு. மூன்றாவது தரத்தில் வடு போனது, ஆறாவது தரத்தில் குழிகள் எல்லாம் போய் முகம் கண்ணாடி மாதிரி வந்தது. காரோ அங்குலக் கணக்கு, என் டயலோ சுற்றுக்கு 2 மில்லிமீற்றர், கோட்டுக்கு 0.02. கால் அங்குலம் போக வேண்டுமென்றால் மூன்று சுற்றும் பதினேழரைக் கோடும். அந்த அரைக் கோட்டை நினைத்தால் இப்போதும் எரிச்சல்தான்.

மாமா பூட்டி, ஓட்டிப் பார்த்துவிட்டு, ஒழுகவில்லை என்று சொல்லாமல் “சரி, அப்ப இதையும் ஒருக்காப் பார்” என்று தண்ணிப் பம்பின் புல்லியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். வட்டச் சாமான், வைஸில் நிற்காது. சாமானைப் பிடித்துச் சுற்றுகிற ரோட்டறி ரேபிள் விலை பார்த்துக்கொண்டிருக்கிறேன்.