கொத்தவரங்கா வேகாத கதை

போன ஞாயித்துக்கிழமை அம்மா சிதம்பரம் போயிட்டாங்க, கடலூர் ஓ.டி. (ஓல்ட் டவுன்) வீட்டுல நான்தான் சமையல். பசி அவசரத்துல கொத்தவரங்காயோட புளித்தண்ணியையும் சேர்த்தே ஊத்தி அடுப்புல வெச்சிட்டேன், முக்கா மணி நேரம் கொதிச்சும் காய் நறுக் நறுக்குன்னுதான் இருக்கு.

செடியோட ஒவ்வொரு செல்லையும் சுத்தி இருக்கற செல் சுவர்னா செல்லுலோஸ்னு ஒரே வரி எழுதி ப்ளஸ் ஒன்னுல மார்க் வாங்குனவன் நான். ஆனா காய் வேகுறதுன்னா செல்லுலோஸ் கரையுறது இல்லயாம், அது எவ்ளோ கொதிச்சாலும் அப்படியேதான் இருக்கும், அதத்தான் நார்ச்சத்துன்னு சாப்பிடறோம். செல்லையும் செல்லையும் ஒட்டி வெச்சிருக்க பெக்டின்ங்கற பசைதான் சூட்டுல கரையுது, புளிப்பு இருந்தா அந்தப் பசை சீக்கிரம் கரையாது. காய் வெந்தப்புறம் புளி ஊத்துன்னு அம்மா கத்துறது இதுக்குத்தான் போல.

அப்போ மீன் மட்டும் புளிக்கொழம்புல அஞ்சு நிமிஷத்துல எப்படி வேகுதுன்னா, மீனுக்கு செல் சுவரே கிடையாது. மீனுக்கு மட்டுமில்ல, எந்த மிருகத்துக்கும் இல்ல, நமக்கும் இல்ல. நாம பென்சிலின் போட்டுக்கிட்டு நல்லா இருக்கறது அதனாலதான், அந்த மருந்து பாக்டீரியா தன்னோட சுவர கட்டவிடாம கெடுக்குது, அது பெப்டிடோகிளைகான்னு சர்க்கரையும் அமினோ அமிலமும் பின்னுன வலை மாதிரி ஒண்ணு. மைக்கோப்ளாஸ்மான்னு சுவரே இல்லாத பாக்டீரியாவும் இருக்கு, அதுகிட்ட பென்சிலின் பருப்பு வேகாது.

காளான் கதைதான் எனக்கு ரொம்ப பிடிச்சது. கீரை ரெண்டு கொதில கொழஞ்சிடும், காளான் எவ்ளோ நேரம் வெச்சாலும் ரப்பர் மாதிரி மெல்ல வேண்டியிருக்கும் இல்ல, அதோட சுவர்ல இருக்கறது கைட்டின்ங்கற கெட்டிப் பொருள், சூட்டுக்கு அசையாது. நம்ம மார்க்கெட்டுல உரிச்சுப் போடுற எறா ஓட்டுல இருக்கறதும் அதே கைட்டின்தான் (ஓட்டுல கால்சியமும் சேர்றதால இன்னும் கெட்டி). 1811ல ப்ராகோனோங்கற பிரெஞ்சுக்காரர் இத மொதல்ல பிரிச்சு எடுத்தது காளான்லேருந்து, பாண்டிக்காரங்க வேணா பெருமைப்பட்டுக்கலாம். சைவம்னு காளான் பிரியாணி திங்கற சித்தப்பாகிட்ட இத சொன்னேன், ரெண்டு நாளா பேசல.

பரங்கிப்பேட்டை ஃப்ரெண்ட் வீட்டுல நோன்புக்குக் குடுக்கற கடல்பாசி இனிப்பு கூட சிவப்புப் பாசியோட செல் சுவர்லேருந்து எடுக்கறதுதான், அதுக்கு அகார்னு பேரு. அத மட்டும் இத்தன வருஷமா ஜெல்லின்னு நெனச்சு தின்னிருக்கேன்.

கடைசில ஆப்பசோடா ஒரு சிட்டிகை போட்டேன், புளிப்ப அடிச்சிடும்னு. நுரை பொங்கி அடுப்பெல்லாம் வழிஞ்சுது, காய் என்னமோ வெந்துடுச்சு, கொழம்பு வாயில வைக்க முடியல. சாயங்காலம் அம்மா வந்து கரண்டியால ஒரு கிண்டு கிண்டிப் பாத்துட்டு கேட்டது ஒண்ணுதான், "புளிய எப்படா ஊத்துன?"