நான்காம் வகுப்பில் தனியார் பள்ளி, ஆறாம் வகுப்பில் மீண்டும் அரசுப் பள்ளி

என் மகள் இப்போது ஏழாம் வகுப்பு படிக்கிறாள். முதல் மூன்று வகுப்புகளை எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் படித்தாள். நான்கும் ஐந்தும் காட்பாடியில் ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில். ஆறாம் வகுப்பிலிருந்து மறுபடியும் அரசுப் பள்ளி. ஏன் இப்படி என்று எங்கள் பக்கத்தில் பலரும் கேட்கிறார்கள். கேட்பவர்களில் பாதிப் பேர் தங்கள் பிள்ளையை எப்போது மாற்றலாம் என்று தவித்துக்கொண்டிருப்பவர்கள். அவர்களுக்கு நான் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது வேலூர் மாவட்டத்தில், லத்தேரிக்குப் பக்கத்தில். வீட்டுக்காரர் காட்பாடியில் இரு சக்கர வாகனம் பழுது பார்க்கும் கடையில் வேலை செய்கிறார். நான் வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறேன். ஆகவே தனியார் பள்ளி என்பது நினைத்தவுடன் கட்டிவிடக்கூடிய பணமில்லை.

2019 ஜூனில் மகள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தாள். அந்த ஆண்டு முடிவதற்குள் கொரோனா வந்தது. இரண்டாம் வகுப்பு முழுவதும் வீட்டில்தான். கல்வித் தொலைக்காட்சியில் பாடம் நடந்தது. அவள் பார்ப்பாள், சந்தேகம் வந்தால் கேட்க யாருமில்லை. வீட்டில் இருந்த ஒரே ஸ்மார்ட்போன் காலையில் அவருடன் கடைக்குப் போய்விடும். 2021 நவம்பர் 1 அன்று தொடக்கப் பள்ளிகள் திறந்தபோது அவள் மூன்றாம் வகுப்பில் பாதி ஆண்டைத் தாண்டியிருந்தாள்.

எங்கள் ஊர்ப் பள்ளியில் ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர்கள். இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. கல்வி உரிமைச் சட்டமே தொடக்கப் பள்ளியில் அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் போதும் என்கிறது. ஊரடங்குக் காலத்தில் கட்டணம் கட்ட முடியாமல் தனியார் பள்ளியிலிருந்து வந்த பிள்ளைகளும் அந்த ஆண்டு சேர்ந்திருந்தார்கள். மூன்று, நான்கு, ஐந்து ஆகிய மூன்று வகுப்புகளும் பெரிய டீச்சரிடம், ஒரே அறையில். கரும்பலகையில் சுண்ணக்கட்டியால் இரண்டு கோடு கிழித்து மூன்றாகப் பிரித்திருப்பார். இடது பக்கம் மூன்றாம் வகுப்புக் கணக்கு, நடுவில் நான்காம் வகுப்புத் தமிழ், வலது பக்கம் ஐந்தாம் வகுப்பு அறிவியல். ஒரு பக்கம் பாடம் நடக்கும்போது மற்ற இரண்டு பக்கமும் எழுதிக்கொண்டிருக்கும்.

ஒருநாள் மாலை மகளின் கணக்கு நோட்டைப் புரட்டினேன். 52-லிருந்து 38-ஐக் கழித்து 26 என்று எழுதியிருந்தாள். அடுத்த கணக்கு 71-லிருந்து 45. அதற்கு 34. கவனக்குறைவு என்றுதான் முதலில் நினைத்தேன். பக்கத்தில் உட்காரவைத்து இன்னும் சில கணக்குகள் போடச் சொன்னபோதுதான் புரிந்தது. எந்த இலக்கம் மேலே, எந்த இலக்கம் கீழே என்று பார்க்காமல், பெரியதிலிருந்து சிறியதைக் கழித்துக்கொண்டே போகிறாள். கடன் வாங்கிக் கழிப்பது என்ற ஒன்று அவளுக்குப் போய்ச் சேரவே இல்லை. இரண்டாம் வகுப்பில் கற்க வேண்டியது அது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பெரிய டீச்சரிடம் போய்க் காட்டினேன். அவர் மழுப்பவில்லை. "உங்கள் பெண்ணுக்குத் தினமும் அரை மணி நேரம் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தர வேண்டும் அம்மா. இந்த வகுப்பில் அப்படி இன்னும் பத்துப் பிள்ளைகள் இருக்கிறார்கள். நான் ஒருத்தி என்ன செய்வேன்?" என்றார். இந்த நேர்மைக்கு நான் என்றும் அவருக்குக் கடன்பட்டவள். இல்லம் தேடிக் கல்வி மையத்துக்கு மாலையில் அனுப்பினோம்; தன்னார்வலராக வந்த பெண் அக்கறையோடுதான் சொல்லிக் கொடுத்தார். கழித்தல் கொஞ்சம் பிடிபட்டது. ஆனால் நான்காம் வகுப்பில் நீள வகுத்தல் வந்துவிடும். ஓட்டையின் மேல் கட்டடம் எழும்பிக்கொண்டே போகிறது என்ற பயம் எனக்கு.

வீட்டுக்காரரின் எண்ணம் வேறு. "ஐந்தாம் வகுப்போடு இந்தப் பள்ளி முடிகிறது. எப்படியும் ஆறாம் வகுப்புக்கு மாற்றத்தான் வேண்டும். அதற்குள் கொஞ்சம் பணம் சேர்த்து அப்போது தனியாரில் போடலாம்" என்றார். எங்கள் பக்கத்தில் பெரும்பாலானவர்கள் செய்வதும் இதுதான். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் தமிழ்நாட்டில் ஆறாம் வகுப்பு என்பது ஒரு பெரிய கோடு. அதை அறியாமல் யாரும் முடிவெடுக்கக் கூடாது என்பதே நான் திரும்பத் திரும்பச் சொல்லும் விஷயம்.

2020-ல் வந்த சட்டப்படி, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு உண்டு. 2021-ல் அதே ஒதுக்கீடு பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் போன்ற படிப்புகளுக்கும் வந்தது. அந்த ஒதுக்கீட்டில் சேர்பவர்களின் கட்டணத்தை அரசே கட்டுகிறது. 2022 மார்ச் பட்ஜெட்டில், ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் உயர்கல்விக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய் என்று அறிவித்தார்கள். அதுதான் பிறகு புதுமைப் பெண் திட்டம் ஆனது. எல்லாவற்றிலும் கணக்கு ஆறாம் வகுப்பிலிருந்துதான் தொடங்குகிறது. ஒன்று முதல் ஐந்து வரை எங்கே படித்தாய் என்று யாரும் கேட்பதில்லை.

என் நாத்தனார் மகள் அரசுப் பள்ளியில் படித்து, 7.5-ல் பொறியியல் சேர்ந்தவள். அவள்தான் இதை எங்களுக்கு விளக்கினாள். "மாமா, பணம் செலவு செய்வதென்றால் இப்போது செய்யுங்கள். ஆறாம் வகுப்பில் செய்தால் அவளுக்குக் கிடைக்க வேண்டியதை நீங்களே காசு கொடுத்துத் தொலைத்த மாதிரி" என்றாள். வீட்டுக்காரர் அன்று பதில் பேசவில்லை. இரண்டு நாள் கழித்து, காட்பாடியில் எந்தப் பள்ளி நன்றாக இருக்கிறது என்று கடைக்கு வந்தவர்களிடம் விசாரித்துவிட்டு வந்தார்.

ஒரு நுணுக்கத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். வேலூரில் நூறாண்டு கடந்த, பெயர்பெற்ற அரசு உதவிபெறும் பள்ளிகள் உண்டு. அங்கே படிப்பதும் அரசுப் பள்ளிப் படிப்புதான் என்று பலர் நினைக்கிறார்கள். 7.5 ஒதுக்கீட்டுக்கு அது சேராது.

இலவச இடம் கிடைக்குமா என்றும் பார்த்தோம். கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காடு இடங்கள் எல்.கே.ஜி.க்கும் ஒன்றாம் வகுப்புக்கும்தான். நடுவில் நான்காம் வகுப்புக்குக் கிடையாது. கட்டணம் கட்டியே ஆக வேண்டும்.

பள்ளி பார்க்கப் போனதில் நான் ஒன்றைப் பிடிவாதமாகச் செய்தேன். கட்டடம், ஸ்மார்ட் வகுப்பு, நீச்சல் குளப் படம் எதையும் பார்க்கவில்லை. நான்காம் வகுப்பில் படிக்கும் ஏதாவது ஒரு பிள்ளையின் கணக்கு நோட்டைக் காட்டுங்கள் என்று கேட்டேன். ஒரு பள்ளியில் காட்டவே மறுத்தார்கள். இன்னொன்றில் காட்டிய நோட்டு அழகாக இருந்தது, ஒரு தப்புகூட இல்லை. தப்பே இல்லாத நோட்டு என்றால் கரும்பலகையைப் பார்த்து எழுதியது என்று அர்த்தம். கடைசியாகப் பார்த்த சிறிய பள்ளியில் நோட்டு முழுக்கச் சிவப்பு மையில் திருத்தம், திருத்தத்துக்குக் கீழே பிள்ளை மறுபடி போட்ட கணக்கு. எனக்கு வேண்டியது அதுதான்.

சி.பி.எஸ்.இ. பள்ளி பக்கமே போகவில்லை. இரண்டு ஆண்டில் திரும்பி வர வேண்டும் என்று முடிவு செய்தபின் பாடத்திட்டத்தை மாற்றுவது வீண் சுமை. சமச்சீர்க் கல்வி வந்ததிலிருந்து மெட்ரிகுலேஷன் பள்ளிக்கும் அரசுப் பள்ளிக்கும் பாடப்புத்தகம் ஒன்றுதான். மகள் தமிழ் வழியிலிருந்து ஆங்கில வழிக்குப் போக வேண்டியிருந்தது; அது மட்டுமே பெரிய தாவல்.

சேர்க்கும்போது அவளுக்கு ஒரு தேர்வு வைத்தார்கள். சேர்க்கைக்குத் தேர்வு வைக்கக் கூடாது, நன்கொடை வாங்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. நான் வாதாடவில்லை. அவள் எங்கே நிற்கிறாள் என்று அவர்களுக்கும் தெரியட்டும் என்று விட்டுவிட்டேன். ஆனால் கட்டணத்தில் விடவில்லை. தனியார் பள்ளிக் கட்டணத்தை ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையிலான குழுதான் நிர்ணயிக்கிறது. பள்ளிவாரியாக இணையத்தில் பார்க்கலாம். என் தம்பி பார்த்து எழுதிக் கொடுத்த தொகையைக் காட்டியதும், அலுவலக அம்மா "மேம்பாட்டு நிதி" என்று சேர்த்திருந்ததை அடித்துவிட்டார். வேன், சீருடை, நோட்டு ஆகியவற்றுக்கு அப்படி எந்தக் காப்பும் இல்லை. வேனுக்குக் கொடுத்த பணம் கல்விக் கட்டணத்தில் பாதிக்கு மேல் வந்தது. பள்ளி தேடுபவர்கள் இதை முதலிலேயே கணக்கில் வையுங்கள்.

மாற்றுச் சான்றிதழ் வாங்குவது சுலபமாக முடிந்தது. பெரிய டீச்சர் டி.சி. கொடுத்து, எமிஸ் என்ற, பள்ளிப் பிள்ளைகளின் விவரங்களை அரசு பதிந்து வைக்கும் இணையதளத்தில் மகளின் பெயரைப் பொதுத் தொகுப்புக்கு மாற்றிவிட்டார். அங்கிருந்து புதிய பள்ளி எடுத்துக்கொள்ள வேண்டும். எடுத்துவிட்டார்களா என்று நாம்தான் கேட்டு உறுதிசெய்ய வேண்டும்.

2022 ஜூனில் அவள் நான்காம் வகுப்புக்குப் போனாள். அதே மாதம்தான், எழுத்தையும் கணக்கையும் அடிப்படையிலிருந்து சொல்லித் தரும் அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் தொடங்கியது, ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்கு. ஓராண்டு இளையவளாக இருந்திருந்தால் அவளுக்கும் அது கிடைத்திருக்கும். கொரோனாவில் இரண்டாம் வகுப்பை இழந்த பிள்ளைகள் அந்த ஆண்டு நான்காம் வகுப்பில் இருந்தார்கள். அவர்களை நினைத்தால் எனக்கு இப்போதும் மனம் கனக்கிறது. நாங்கள் எப்படியோ பணம் புரட்டினோம். அந்த அறையில் அவளோடு உட்கார்ந்திருந்த மற்றவர்கள்?

தனியார் பள்ளி இரண்டு ஆண்டுகளில் எதற்காக அனுப்பினோமோ அதைச் செய்தது. கழித்தல், பெருக்கல் வாய்ப்பாடு, வகுத்தல் எல்லாம் தேறின. நோட்டு தினமும் திருத்தப்பட்டது. ஆங்கிலப் புத்தகத்தைத் திணறாமல் வாசிக்கிறாள். ஆனால் முதல் அரையாண்டு முடிந்ததும் அந்த நல்ல கணக்கு டீச்சர் வேலையை விட்டுப் போய்விட்டார். பிறகு வந்தவர் அவ்வளவு பொறுமைசாலி இல்லை. தமிழ்க் கட்டுரையை உரைநூலிலிருந்து மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். ஊர்ப் பள்ளியில் டீச்சரின் முந்தானையைப் பிடித்து இழுத்துச் சந்தேகம் கேட்ட பெண், அங்கே கை தூக்கவே தயங்கினாள். இதை அவள் அப்போது சொல்லவில்லை, பிறகுதான் சொன்னாள்.

2024-ல் திரும்பி வரும்போதுதான் சிக்கல். ஐந்தாம் வகுப்பு முடித்தவளுக்கு டி.சி. கேட்டோம். மூன்றாம் பருவத்து வேன் பணத்தில் கொஞ்சம் பாக்கி என்று நிறுத்தி வைத்தார்கள். பள்ளி மாறும் பிள்ளைக்கு உடனே டி.சி. கொடுக்க வேண்டும், டி.சி. தாமதமானாலும் புதிய பள்ளி சேர்க்க மறுக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியைக்கு இது தெரிந்திருந்தது. டி.சி. இல்லாமலேயே அவளை வகுப்பில் உட்காரவைத்தார். எமிஸில் பெயர் வர மட்டும் தாமதமானது. பாக்கியைக் கட்டி முடித்துத்தான் வாங்கினோம். அந்த ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், கட்டணப் பாக்கியை வசூலிக்க டி.சி.யைக் கருவியாகப் பயன்படுத்தக் கூடாது என்று தீர்ப்பளித்தது. இனி மாறுபவர்கள் அதைச் சொல்லிக் கேட்கலாம்.

ஆறாம் வகுப்புச் சேர்க்கைக்குக் காத்திருந்த பெற்றோரில் எங்களைப் போலத் தனியாரிலிருந்து திரும்பியவர்கள் நிறையப் பேர். இங்கே பாடத்துக்கு ஓர் ஆசிரியர் இருக்கிறார். ஆங்கில வழிப் பிரிவும் இருக்கிறது, அதில்தான் சேர்த்தோம். வகுப்பில் கூட்டம் அதிகம், கழிப்பறைக்காகப் பெற்றோர் கூட்டத்தில் பல முறை பேசியிருக்கிறேன், இன்னும் முழுதாகச் சரியாகவில்லை. பேசிக்கொண்டேதான் இருப்பேன். எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய்வழித் திறன் தேர்வு எழுத வேண்டும் என்று அவளுடைய கணக்கு ஆசிரியை இப்போதே பழைய வினாத்தாள்களைக் கொடுத்திருக்கிறார். தேறினால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து நான்கு ஆண்டுகள், ஆண்டுக்கு 12,000 ரூபாய் உதவித்தொகை.

இளையவன் 2023-ல் அதே ஊர்ப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு சேர்ந்தான். அந்த ஆகஸ்டில் காலை உணவுத் திட்டம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. அவன் முதல் நாளிலிருந்தே எண்ணும் எழுத்தும் வகுப்பில் இருக்கிறான். இப்போது மூன்றாம் வகுப்பு. அவனையும் அக்கா மாதிரி மாற்றப்போகிறீர்களா என்று கேட்கிறார்கள். வாரம் ஒருமுறை அவன் நோட்டைப் பார்க்கிறேன், பள்ளிக்கும் போய் வருகிறேன். இப்போதைக்கு மாற்ற வேண்டிய காரணம் எதுவும் தெரியவில்லை. வேனுக்குப் போயிருக்கும் பணத்தில் அவனுக்கு மாலையில் ஒரு கணக்கு வகுப்பு வைக்கலாம் என்று வீட்டுக்காரர் சொல்கிறார். யாரிடம் அனுப்புவது என்றுதான் விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.