மூன்றாவது டவுனில் மட்டும் டைரக்டரை எதிர்க்கலாம்

கொலம்பஸில் வேலை பார்ப்பவர்களுக்கு நவம்பர் கடைசி வாரம் வேலை ஓடாது. ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு மிச்சிகனோடு அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டம். ஒஹாயோ ஸ்டேட் வளாகத்துப் பலகைகளில் 'எம்' எழுத்து எங்கே இருந்தாலும் அதன் மேல் சிவப்பு டேப்பில் பெருக்கல் குறி விழும். எங்கள் ஆபீஸில் மீட்டிங் ரூம் கதவுகூடத் தப்பாது.

2024இல் அந்த ஆட்டம் நவம்பர் 30, சொந்த மைதானம், ஒஹாயோ ஸ்டேட்காரர்கள் இருபது பாயின்ட் வாக்கில் ஜெயிப்பார்கள் என்று கணிப்பு. 13-10 என்று தோற்றார்கள், அதுவும் தொடர்ந்து நான்காவது முறை. திங்கட்கிழமை லஞ்ச் மேசையில் ஒரே பேச்சு: ஏன் பந்தை எறியவில்லை?

நான்கு வாய்ப்பில் (ஒவ்வொன்றும் ஒரு டவுன்) பத்து யார்டு நகர வேண்டும், ஒவ்வொன்றுக்கும் ஓடுவதா எறிவதா என்று கோச் சொல்லியனுப்புவார், அவ்வளவுதான் ப்ளே காலிங். ஜெரமையா ஸ்மித், எமெக்கா எக்புகா, கார்னெல் டேட் என்று எறிகிற பந்தைப் பிடிக்க மூன்று ரிசீவர்களை ஓரத்தில் நிற்கவைத்துவிட்டு, மிச்சிகனின் மேசன் கிரஹாமும் கென்னத் கிராண்டும் மலை மாதிரி மறித்து நிற்கிற நடுவிலேயே திரும்பத் திரும்பப் போய் முட்டினால் என்ன கணக்கு அது? ஓடுபவருக்கு வழி திறந்துவிட வேண்டிய ஒஹாயோ ஸ்டேட்டின் சென்டரும் லெஃப்ட் டேக்கிளும் காயத்தில் வெளியே இருக்கிறார்கள். ரிசீவர்களை மறிக்கிற மிச்சிகனின் சிறந்த கார்னர்பேக் வில் ஜான்சனும் ஆடவில்லை. ஓடி எடுத்தது மொத்தம் 77 யார்டு. 'நாங்களும் முரடர்கள்தான்' என்று காட்டப்போன வீம்பு என்பேன் நான்.

எங்கள் டைரக்டர் எதிர்க்கட்சி. "எறிந்தும்தானே பார்த்தார்கள்?" என்றார். பந்தை எறிகிற குவார்ட்டர்பேக் வில் ஹவர்ட் இரண்டு முறை எதிரணி கையிலேயே எறிந்து இன்டர்செப்ஷன் கொடுத்தார், அதில் ஒன்று தன் கோல் கோட்டுக்குப் பக்கத்திலேயே, அந்தக் கோட்டைப் பந்தோடு தாண்டி மிச்சிகன் எடுத்த ஒரே டச் டவுன் அதிலிருந்து வந்தது. கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைக்க வேண்டிய கிக்கர் வேறு இரண்டு பீல்டு கோல் தவறவிட்டார். நியாயம்தான்.

டெஸ்டிங்கில் புதிதாகச் சேர்ந்த பெண் சும்மா இருக்கவில்லை, போனில் வீடியோவை நிறுத்தி, பந்து வைக்கிற லைனுக்குப் பக்கத்தில் எதிரணி ஆட்கள் எத்தனை பேர் என்று விரலால் எண்ணிக் காட்டி, "நீங்கள் சொல்வது தப்பு" என்று டைரக்டரின் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டாள். அதே பெண், அதே டைரக்டர் மதியம் ரிலீஸ் தேதியை முன்னால் இழுத்தபோது "சவுண்ட்ஸ் குட்" என்றாள். மேசையைச் சுற்றி எல்லோரும் அதையேதான் சொன்னோம். யாரும் எதையும் எண்ணிக் காட்டவில்லை.

அந்த சீசனில் ப்ளே காலிங் சிப் கெல்லியின் கையில் இருந்தது. ஒஹாயோ ஸ்டேட்டின் ஹெட் கோச் ரயன் டே நியூ ஹாம்ப்ஷயரில் குவார்ட்டர்பேக்காக ஆடியபோது அவருக்குப் பாடம் சொன்ன கோச் அவர், அப்போது டேயின் கீழே வேலை. "அப்படியானால் யார் யாரிடம் 'வேண்டாம்' என்று சொல்வது?" என்று ஒருவர் கேட்டதும் மேசையில் சத்தம் அடங்கிவிட்டது. எங்கள் டீம் லீடுக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் இன்று அவருக்குக் கீழே இருக்கிறார், இருவரும் அங்கேதான் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அப்புறம் டிசம்பர் 21, ப்ளேஆஃபில் டென்னசியோடு, பந்து கைக்கு வந்த முதல் டிரைவிலேயே ஸ்மித்துக்கு எறிந்து டச் டவுன், 42-17. ஜனவரி 20 இறுதி ஆட்டத்தில் நோட்ரே டேமுக்கு எதிராக மூன்றாவது டவுன், தேவை 11 யார்டு, மறுபடியும் ஸ்மித், 56 யார்டு. 34-23, கோப்பை.

டைரக்டர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. அதே ஆட்டத்தில் க்வின்ஷான் ஜட்கின்ஸ் பந்தோடு ஒரே ஓட்டத்தில் 70 யார்டு ஓடியதை மறந்துவிட்டாயா என்கிறார். மறக்கவில்லை. ஓரத்தில் நிற்கிற ஸ்மித்துக்குப் பயந்து எதிரணி பரந்து நின்றால்தான் நடுவில் ஓட இடம் கிடைக்கும், அதைத்தான் நானும் அந்த நவம்பரிலிருந்து சொல்கிறேன்.