அப்பத்தா ஏன் கதாநாயகி ஆகக் கூடாது?

நம் கதைகளில் அப்பத்தா வந்தாலே எனக்குச் சலிப்பு. வெற்றிலை இடிப்பாள், பேரனுக்குக் கதை சொல்வாள், பாதியில் செத்துப்போவாள், அவ்வளவுதான். பாம்பன் பக்கம் சின்னப்பாலத்தில் வந்து பாருங்கள்: அறுபதைத் தாண்டிய பெண்களும் விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, மூச்சைப் பிடித்து முங்கிப் பாறையிலிருந்து கடல்பாசியைப் பிய்த்து வருகிறார்கள். 1986-இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டதில், தாய் காலத்திலிருந்து போன இடத்துக்கே தயங்கித் தயங்கிப் போக வேண்டிய நிலை. கோபம், கடன், கடல், தந்திரம் எல்லாம் இருக்கிறது. நாவலுக்கு வேறென்ன வேண்டும்? (காதலும் இருக்கலாம், யார் கேட்டோம்?) ஒருவரிடம் பயமில்லையா என்றேன். விரல் துணியை அவிழ்த்துக்கொண்டே, “அதை விடு தம்பி, இன்னைக்குப் பாசி என்ன விலை போகுது?” என்றார்.