வேறு மாநிலத்தில் பழைய போட் வாங்கினால் வரி யாருக்கு?

அமெரிக்காவில் செகண்ட் ஹேண்ட் போட் தேடுபவர்கள் டெலவேர், நியூ ஹாம்ப்ஷயர் பக்கம் கண் வைப்பதற்குக் காரணம், அங்கே சேல்ஸ் டாக்ஸே கிடையாது. ரோட் ஐலண்டில் மற்ற பொருள்களுக்கு வரி உண்டு, போட்டுக்கு இல்லை. ஆனால் இந்த லாபம் சொந்த மாநிலத்தின் ரிஜிஸ்ட்ரேஷன் கவுண்டர் வரைதான். போட் பெரும்பாலும் எந்த மாநிலத்தில் ஓடுகிறதோ, அந்த மாநிலம் யூஸ் டாக்ஸ் (பயன்பாட்டு வரி) என்ற பெயரில் தன் பங்கைக் கேட்கும்.

40,000 டாலர் போட் ஒன்றை டெலவேரில் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். தென் கரோலினாவுக்குக் கொண்டுபோனால் 500 டாலர்; விகிதம் 5 சதவீதம் என்றாலும் உச்சவரம்பு அவ்வளவுதான். வர்ஜீனியாவில் 2 சதவீதம், 800 டாலர். ஃப்ளோரிடாவில் 6 சதவீதம், 2,400 டாலர். அதற்கு மேல் கவுண்டியின் (நம்மூர் மாவட்டம் போன்றது) கூடுதல் வரி உண்டு. அது முதல் 5,000 டாலருக்கு மட்டும்தான் என்பதால் 1 சதவீத கவுண்டியில் 50 டாலரோடு முடிந்துவிடும்.

உண்மையில் பணம் போவது வரி அதிகமுள்ள மாநிலத்தில் வாங்கி, குறைவான மாநிலத்துக்குக் கொண்டுபோகும்போதுதான். தென் கரோலினாவில் 500 கட்டிவிட்டு ஃப்ளோரிடா வந்தால், அந்த ரசீதைக் காட்டி 500-ஐக் கழித்துக்கொள்ளலாம். மீதியைக் கட்டினால் போதும். ஃப்ளோரிடாவில் 2,400 கட்டிவிட்டு வர்ஜீனியா போனால், அங்கே கட்ட வேண்டிய 800 மட்டும்தான் கழியும். மிச்சம் 1,600 போனது போனதுதான். கட்டிய வரிக்கு வரவு கொடுப்பார்கள், கூடுதலாகக் கட்டியதை யாரும் திருப்பித் தரமாட்டார்கள்.

ஆகவே வெளிமாநிலத்துக்காரர் ஃப்ளோரிடாவில் வாங்கும்போது அங்கே வரி கட்டாமல் வெளியேறும் வழியைத்தான் பார்க்க வேண்டும். அங்கே குடியிருக்காதவர், பதிவுபெற்ற டீலர் அல்லது புரோக்கர் மூலம் வாங்கி, 10 நாளுக்குள் போட்டை மாநிலத்தை விட்டு வெளியே எடுத்தால் விலக்கு உண்டு. டிஆர்-123 என்ற உறுதிமொழிப் படிவம், வெளியே போனதற்குச் சான்றாக எரிபொருள் அல்லது மரீனா (போட் நிறுத்துமிடம்) ரசீது, சொந்த மாநிலத்தில் பதிவுசெய்த தாள் என எல்லாவற்றையும் காட்ட வேண்டும். 5 நெட் டன்னும் (இது எடை அல்ல, போட்டின் கொள்ளளவுக் கணக்கு) அதற்கு மேலும் உள்ள போட் என்றால் டீக்கல் என்ற அனுமதி ஸ்டிக்கரை வாங்கி ஒட்டி 90 நாள் வரை நிறுத்தலாம். தனிநபரிடம் நேரடியாக வாங்கினால் இந்தச் சலுகை இல்லை. புரோக்கர் கமிஷனை மிச்சம் பிடிக்கப்போய் 6 சதவீதத்தைத் தலையில் கட்டிக்கொள்பவர்கள் கவனிக்காமல் விடுவது இதைத்தான்.

வெளிமாநிலத்தில் ஒரு எல்எல்சி (சிறு கம்பெனி) ஆரம்பித்து அதன் பெயரில் வாங்கினால் தப்பிக்கலாம் என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. போட் கட்டியிருக்கும் மரீனா எந்த மாநிலத்தில் இருக்கிறது என்பதைத்தான் வரித்துறை பார்க்கும். அபராதமும் வட்டியும் சேர்ந்தால் மிச்சம் பிடித்ததைவிட அதிகம் போகும். கோஸ்ட் கார்ட் டாக்குமென்டேஷனும் (கடலோரக் காவல்படையிடம் செய்யும் மத்தியப் பதிவு) அப்படித்தான்: 5 நெட் டன் முதல் கிடைக்கும், மாநில டைட்டில் (உரிமைப் பத்திரம்) தேவைப்படாது, வரிக்கு மட்டும் அது விலக்கு இல்லை. அந்த வகை போட்டை வாங்கும் முன் 25 டாலர் கொடுத்து டைட்டில் சுருக்கம் வாங்கிப் பாருங்கள். பழைய வங்கிக் கடன் ஏதும் பதிவாகியிருந்தால் அதில் தெரிந்துவிடும்.

பில் ஆஃப் சேலில் (விற்பனைச் சீட்டு) போட், அவுட்போர்டு மோட்டார் (பின்னால் வெளியே மாட்டும் இன்ஜின்), ட்ரெய்லர் மூன்றுக்கும் தனித்தனி விலை எழுதச் சொல்லுங்கள். மொத்தமாக ஒரே தொகை எழுதினால் எதற்கு எந்த விகிதம் என்பதில் சிக்கல் வரும். போட்டுக்கு உள்ள குறைந்த விகிதமோ உச்சவரம்போ ட்ரெய்லருக்கும் பொருந்தும் என்று எண்ணிவிடக் கூடாது. டெக்சாஸ், தென் கரோலினா போன்ற இடங்களில் அவுட்போர்டுக்கே தனி டைட்டில் உண்டு. போட்டின் டைட்டிலை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டால், மோட்டார் தாளுக்காகத் திரும்ப அலைய வேண்டும். தென் கரோலினாவில் போட்டுக்கோ மோட்டாருக்கோ பழைய சொத்து வரி பாக்கி இருந்தால் டைட்டில் மாறவே மாறாது. பணம் கைமாறும் முன் வரி ரசீதைக் கேளுங்கள்.

ஹல் நம்பரை (போட்டின் உடலில் பொறித்த அடையாள எண்) டைட்டிலில் இருந்து பார்த்து எழுதாமல், போட்டின் பின்பலகையில், வலதுபுறம் மேலே பொறித்திருப்பதைப் பார்த்து எழுதுங்கள். 12 எழுத்து இருக்கும். அதன் வரிசை எண் பகுதியில் ஐ, ஓ, க்யூ ஆகிய ஆங்கில எழுத்துகள் வராது. ஓ போலத் தெரிந்தால் அது பூஜ்யம். தாளிலும் பலகையிலும் ஒரு எழுத்து மாறினாலும் கவுண்டரில் திருப்பி அனுப்புவார்கள். அதைத் திருத்த விற்றவரைத்தான் மறுபடி பிடிக்க வேண்டும். 1972 நவம்பருக்கு முந்தைய போட்டில் இந்த எண்ணே இருக்காது, மாநிலம்தான் புதிதாகக் கொடுக்கும்.

ரிஜிஸ்ட்ரேஷன் கட்டணம் இதற்கெல்லாம் முன்னால் சில்லறைதான். ஃப்ளோரிடாவில் 16 முதல் 26 அடிக்குக் குறைவான போட்டுக்கு அடிப்படைக் கட்டணம் வருடத்துக்கு 28.75 டாலர், கவுண்டி கூடுதல் தனி. சொந்தமாக வைத்திருக்கும் போட்டை வேறு மாநிலத்துக்கு நிரந்தரமாக மாற்றினால் பழைய பதிவு 60 நாளில் செல்லாமல் போய்விடும். முகப்பின் இருபுறமும் உள்ள பழைய எண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டு, குறைந்தது 3 அங்குல உயரத்தில், ஹல் நிறத்துக்கு எடுப்பாகத் தெரியும்படி புது எண்ணை ஒட்ட வேண்டும்.