49 நாள், 17 மணி நேரம்: பணி ஓய்வு மாத நாட்குறிப்பு

மார்ச் 3, 2024, ஞாயிறு

இம்மாதம் 28ஆம் தேதி பணியிலிருந்து ஓய்வு பெறுகிறேன். சேர்ந்தது 1993-ல். எனக்குப் பின் வருபவருக்காக ஓர் ஒப்படைப்புக் குறிப்பு வேண்டுமென்று கேட்டிருக்கிறார்கள். எந்தெந்தக் கருவிகளில் வேலை செய்தேன், என்னென்ன மென்பொருள்களைப் பயன்படுத்தினேன் என்று எழுத உட்கார்ந்தேன். ஒரு பக்கத்தில் முடியுமென்று நினைத்தது, முதல் ஆண்டைத் தாண்டவே மாலையாகிவிட்டது.

முதலில் கையில் கிடைத்தது 8031 நுண்கட்டுப்படுத்தி, கருவியை இயக்கும் சிறு கணினிச் சில்லு. உள்ளே 128 பைட் நினைவகம், அவ்வளவுதான். நிரலை வைக்க அருகில் ஒரு 2764 ஈப்ராம் சில்லு இருக்கும். கொள்ளளவு 8 கிலோபைட். அதன் முதுகில் சிறிய குவார்ட்ஸ் கண்ணாடிச் சாளரம் உண்டு. எழுதியதை அழிக்க வேண்டுமானால் அதைப் புறஊதா விளக்குப் பெட்டிக்குள் இருபது நிமிடம் வைக்க வேண்டும். அழித்து, மறுபடி எழுதி, சாளரத்தின் மேல் வெளிச்சம் படாமல் காகிதம் ஒட்டி, பலகையில் செருகினால்தான் நிரல் ஓடுகிறதா என்று தெரியும். ஒரு காற்புள்ளிப் பிழைக்குக்கூட அந்த இருபது நிமிடத்தைக் கொடுத்தாக வேண்டும். அந்த நேரத்தில் நிரலைக் காகிதத்தில் வைத்து வரிவரியாகப் படிப்பேன். நிரலைப் படிக்கக் கற்றது அந்த விளக்குப் பெட்டியின் அருகில்தான்.

மார்ச் 5, செவ்வாய்

மென்பொருள்கள் பட்டியல். வந்து போனவை ஏராளம். அவற்றைப் பற்றி ஒரு வரிக்கு மேல் எழுதவில்லை. நிலைத்தவை சில: நிரலைத் தட்டெழுத விம், கோப்புகளைத் தொகுத்து நிரலாக்க மேக், சொல் தேட கிரெப், மாற்றங்களைப் பதிந்துவைக்க கிட், பிழை தேட ஜிடிபி.

விம் பற்றி மட்டும் கொஞ்சம் கூடுதலாக எழுதினேன். அதன் மூதாதை 'வி' என்ற எழுதுகருவி. பில் ஜாய் 1976-ல் அதை எழுதியபோது அவருக்கு வாய்த்த முனையம், அதாவது திரையும் விசைப்பலகையும் சேர்ந்த பெட்டி, ஏடிஎம்-3ஏ (ADM-3A). அதில் அம்புக்குறிகளுக்கென்று தனி விசைகள் கிடையாது. ஹெச், ஜே, கே, எல் விசைகளின் மேலேயே அம்புகளை அச்சிட்டிருந்தார்கள். அந்த முனையம் மறைந்து எத்தனையோ காலமாகிவிட்டது, என் விரல்கள் இன்றும் அந்த நான்கு விசைகளில்தான் நடக்கின்றன. விம்மை உருவாக்கிய பிராம் மோலனார் சென்ற ஆகஸ்டில் காலமானார். விம்மைத் திறந்தால் உகாண்டாவின் ஏழைக் குழந்தைகளுக்கு உதவுங்கள் என்ற வரி வரும். அவர் மறைந்த செய்தியைப் படித்த அன்று வெற்றுக் கோப்பொன்றைத் திறந்து அந்த வரியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 6, புதன்

சோதனையில் இருக்கும் நீர்மட்ட அளவி ஒன்று நின்றுவிட்டது. பத்து விநாடிக்கு ஓர் அளவு அனுப்ப வேண்டிய கருவி. கடைசி அளவு வந்து சேர்ந்தது 03:17. (இங்கே எழுதும் நேரமெல்லாம் யூடிசி, உலகப் பொது நேரம். காரணம் பிறகு.) விளக்கு வழக்கம்போல் மினுங்குகிறது, மின்னழுத்தம் சரி. நிரல் உறைந்தால் கருவியை மீட்டுத் தொடங்கும் காவல் சுற்றும் அமைதியாக இருக்கிறது. நிரல் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. அளவெடுக்க மட்டும் மறந்துவிட்டது.

என்னோடு பணிபுரியும் இளம் பொறியாளர் ஜிடிபியை இணைத்துத் தேடிக்கொண்டிருந்தார். 11:40-க்கு, எங்கள் கண்ணெதிரிலேயே இரண்டாம் கருவியும் நின்றது.

மார்ச் 7, வியாழன்

காலையில் என் குறிப்பேட்டைத் திறந்தேன். ஜனவரி 16 பக்கத்தில் இரண்டே வரிகள்:

1ஆம் கருவி, மின்சாரம் கொடுத்தது 10:15.
2ஆம் கருவி, 18:38.

"நீங்களே கழித்துப் பாருங்கள்" என்று இளம் பொறியாளரிடம் நீட்டினேன். வெள்ளைப் பலகையில் எழுதிக் கழித்தார். முதல் கருவி ஓடியது 49 நாள், 17 மணி, 2 நிமிடம். இரண்டாவதும் 49 நாள், 17 மணி, 2 நிமிடம். சற்று நேரம் பலகையையே பார்த்தவர், கால்குலேட்டரை எடுத்து 2-ன் 32ஆம் அடுக்கைப் போட்டார். 4,29,49,67,296. அத்தனை மில்லி விநாடிகளை நாளாக மாற்றினார்.

"சார், கவுண்ட்டர் நிரம்பிவிட்டது!"

ஆமாம். கருவிக்கு நேரம் சொல்வது ஓர் எண்ணி. 32 பிட், அதாவது 32 இருமை இலக்கம், கொண்ட எண்ணி மில்லி விநாடிக்கு ஒன்றாகக் கூடிக்கொண்டே போனால் 49 நாள், 17 மணி, 2 நிமிடம், 47 விநாடியில் நிரம்பி மீண்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். இந்தத் தொழிலில் எல்லோரும் அறிந்த கணக்கு.

மார்ச் 8, வெள்ளி

பிழையான நிரல் வரி அகப்பட்டது. எழுதியவர் யாரென்று சொல்லும் கிட் பிளேம் கட்டளை அந்த வரிக்கு நேராக என் பெயரைக் காட்டியது, ஆண்டு 2013.

எண்ணி பூஜ்யத்துக்குத் திரும்பினாலும் கழித்தல் கெடாது. ஐந்து இலக்க ஓடுதூரமானி 99,995-ல் இருந்து 00,005-க்கு வந்தால் வண்டி போன தூரம் பத்துதான். ஐந்து இலக்கத்துக்குள்ளேயே கடன் வாங்கிக் கழித்தால் அந்தப் பத்து தானாகக் கிடைக்கும். எதிர்மறையே இல்லாத குறியில்லா எண்களில் கணினி செய்வதும் அதுவே. ஆகவே "இப்போதைய நேரத்திலிருந்து கடைசி அளவின் நேரத்தைக் கழி, பத்து விநாடியோ அதற்கு மேலோ ஆகியிருந்தால் அளவெடு" என்று எழுதினாலே போதும். அப்படித்தான் எழுதியிருந்தேன். பாதுகாப்புக்கென்று அதன் முன்னால் இன்னொரு நிபந்தனையையும் சேர்த்திருந்தேன்: இப்போதைய நேரம் கடைசி அளவின் நேரத்தைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். எண்ணி சுற்றி வந்த கணத்தில் அது சிறிதாகிவிட்டது. மறுபடி பெரிதாக இன்னும் 49 நாள் காத்திருக்க வேண்டும்.

"சார், இந்த நிபந்தனையை ஏன் சேர்த்தீர்கள்?"

பயந்து சேர்த்தேன் என்று உண்மையைச் சொன்னேன். கழித்தல் எதிர்மறையாகப் போய்விடுமோ என்ற பயம். உட்கார்ந்து இரண்டு எண்களைக் காகிதத்தில் போட்டுப் பார்த்திருந்தால் பயம் போயிருக்கும். இருபது நிமிட விளக்குப் பெட்டி அப்போது என் மேசையில் இல்லை.

பதினோரு ஆண்டு இது ஏன் வெளிவரவில்லை? மாதம் ஒருமுறை மின்கலம் மாற்றும்போது எண்ணியும் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். இந்த ஜனவரியில்தான் நீண்ட நாள் தாங்கும் மின்கலத்துக்கு மாறினோம்.

மார்ச் 10, ஞாயிறு

இப்போது யூடிசி விஷயம். ஹாம் ரேடியோ, அதாவது பொழுதுபோக்கு வானொலித் தொடர்பு, என் முப்பதாண்டுப் பழக்கம். அதில் யாரோடு பேசினாலும், எதைக் கேட்டாலும், தேதி, நேரம், அதிர்வெண் மூன்றையும் பதிவேட்டில் குறிக்க வேண்டும். உலகின் மறுபக்கத்தில் இருப்பவருடைய பதிவோடு நம் பதிவு ஒத்துப்போக வேண்டும் என்பதால் நேரம் யூடிசியில் இருக்கும். அந்தக் கை அலுவலகக் குறிப்பேட்டிலும் அப்படியே எழுதிப் பழகிவிட்டது. ஜனவரி 16-ன் அந்த இரண்டு வரிகளும் அப்படி வந்தவை.

இன்று மாலை 14.100 மெகாஹெர்ட்ஸில் பீக்கன்களைக் கேட்டேன். அலைகள் எங்கிருந்து வந்து சேர்கின்றன என்று அறிவதற்காகவே சைகை அனுப்பும் நிலையங்கள் அவை. உலகெங்கும் 18 நிலையங்கள், ஒவ்வொன்றுக்கும் பத்து விநாடி, மூன்று நிமிடத்தில் ஒரு சுற்று. தன் அழைப்புக்குறியை மோர்ஸில் சொல்லிவிட்டு ஒவ்வொரு நிலையமும் நான்கு நீண்ட கோடுகளை அனுப்பும். முதல் கோடு 100 வாட், அடுத்தது 10, அதற்கடுத்தது 1, கடைசியானது 0.1 வாட். முதல் கோடு அறையை நிறைக்கும். இரண்டாவது தெளிவாகக் கேட்கும். மூன்றாவதற்கு மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டும். நான்காவது இரைச்சலுக்குள் இருக்கிறதா, காது கற்பனை செய்கிறதா என்று தெரியாது. ஒரு டார்ச் பல்புக்குப் போதாத மின்சாரம் அது. கண்டம் கடந்து வந்து சேரும் நாள்களும் உண்டு.

பிறகு 28.200-க்குப் போனேன். சூரியப் புள்ளிகள் மிகுந்தால்தான் இதில் தொலைதூர நிலையங்கள் நன்றாகக் கேட்கும். 2008, 2009-ல் சூரியப் புள்ளிகளே இல்லாத நாள்கள் தொடர்ந்தபோது இந்த அலைவரிசையில் வெறும் இரைச்சல்தான் இருந்தது. இப்போது சூரியன் அதன் பதினோரு ஆண்டுச் சுழற்சியின் உச்சத்தை நெருங்குகிறது. ஒரு சுற்றில் ஒன்பது நிலையங்களைக் குறித்தேன்.

மார்ச் 15, வெள்ளி

இளம் பொறியாளர் அந்த நிபந்தனையை நீக்கினார். சேர்த்தது எதுவும் இல்லை, நீக்கியது மட்டும்தான். சோதிக்க 49 நாள் காத்திருக்க முடியாது என்பதால் எண்ணியைப் பூஜ்யத்தில் தொடங்காமல், நிரம்புவதற்கு அறுபது விநாடி முன்பான எண்ணில் தொடங்கினோம். லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலில் இதே உத்தி நிரந்தரமாகவே உண்டு. 32 பிட்டில் பார்த்தால் அதன் எண்ணி கணினி தொடங்கிய ஐந்தாம் நிமிடமே சுற்றிவிடும், பிழை இருந்தால் அப்போதே தெரியட்டும் என்று. எங்கள் கருவி பூஜ்யத்தைத் தாண்டியது. அடுத்த அளவு சரியாக வந்தது.

இருந்தாலும் ஒரு கருவியையாவது அந்த 49 நாளும் முழுமையாக ஓடவிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். எண்ணியின் மதிப்பையும் ஒவ்வோர் அளவோடும் அனுப்பும்படி அவர் மாற்றித் தந்தார். 09:30-க்கு மின்சாரம் கொடுத்தோம். கணக்குப்படி மே 4, 02:32:47-க்குச் சுற்ற வேண்டும்.

மார்ச் 28, வியாழன்

கடைசி நாள். ஒப்படைப்புக் குறிப்பு 14 பக்கம் வந்தது. குறிப்பேடுகளையும் அவரிடமே கொடுத்துவிட்டேன், மொத்தம் 22. புதிய ஏட்டின் முதல் பக்கத்தில் மார்ச் 15, 09:30 என்று அவரே எழுதி வைத்திருந்தார், பக்கத்தில் யூடிசி என்றும்.

மே 4, சனி

தூங்கவில்லை. ரேடியோவைத் தணித்துவைத்து அருகிலேயே உட்கார்ந்திருந்தேன். 02:32:47 கடந்தது, செய்தி இல்லை. 02:34-க்கு அவரிடமிருந்து வந்தது: "சார், சுற்றிவிட்டது. 02:33:29. அளவுகள் தடையில்லாமல் வருகின்றன. ஆனால் 42 விநாடி தாமதம், ஏன்?"

49 நாளில் 42 விநாடி என்றால் பத்து லட்சத்தில் ஏறக்குறைய பத்துப் பங்கு. எண்ணிக்குத் துடிப்புத் தரும் குவார்ட்ஸ் படிகத்தின் பிசகு. அந்தப் படிகத்துக்கு இது நல்ல கணக்குதான் என்று பதில் எழுதினேன். வெப்பநிலையையும் இனிக் குறித்துவைக்கச் சொன்னேன்.